மடியில் இருந்த பெகோனியா

தொப்பூர் கணவாயில் ஆம்புலன்சில் உதவியாளராகச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. முதல் வருடம் எனக்குச் சோறு இறங்காது. அப்புறம் நன்றாகவே இறங்கியது. என் அப்பா இறந்தபோதும் அழுகை வரவில்லை. "உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுங்க" என்றாள் மனைவி. ஆகியிருக்கலாம்.

அன்று காலை பத்து மணி இருக்கும். பெங்களூரிலிருந்து சேலம் போன காரை லாரி இடித்திருந்தது. ஓட்டி வந்த பெரியவர் நாங்கள் போவதற்குள் இறந்துவிட்டார். பின் இருக்கையில் இருந்த அவர் மனைவிக்கு இடது கால் முறிந்திருந்தது. மடியில் ஒரு செடித்தொட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இஞ்சிபோல் தடித்த தண்டு மண்மேல் படுத்திருந்தது. அதிலிருந்து உள்ளங்கை அகல இலைகள், ஓரமெல்லாம் கறுப்பு.

ஆம்புலன்சில் வரும்போது அந்த அம்மா கணவரைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"தம்பி, இது பெகோனியா. தண்ணி ஜாஸ்தி ஊத்திடாதீங்க."

"சரிங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே நாடி பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் செடியை உள்ளே விடவில்லை. நர்சிடம் என் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, தொட்டியை நல்லம்பள்ளியில் என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். வெயில் நேராக விழாத ஹால் ஜன்னலில் வைத்தேன். காய்ந்துவிடுமோ என்று தினமும் ஊற்றினேன். மூன்றாவது வாரம் தண்டின் ஒரு முனை கொழகொழவென்று அழுகியது.

"தண்ணி ஜாஸ்தி ஊத்தக்கூடாதுன்னு அந்தம்மா சொன்னாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றாள் மனைவி.

பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகியதை வெட்டி எறிந்தேன். மீதியை இரண்டு துண்டாக்கி, மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்த இரண்டு தொட்டிகளில் புதைக்காமல் மேலாகப் படுக்கவைத்தேன். காயத்துக்குக் கட்டுப்போடுவது போலத்தான் செய்தேன். ஒரு மாதம் கழித்து, மடக்கிய கைவிரல்போல ஒரு இலை எழுந்தது. மனைவி பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் டியூட்டிக்குக் கிளம்புமுன் மண்ணை விரலால் தொட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அந்த அம்மாவின் மகள் போன் செய்துவிட்டு வந்தார். அம்மா இப்போது கைத்தாங்கலாக நடக்கிறாராம். செடியைப் பார்த்ததும் அந்தப் பெண் கேட்டார்:

"அப்பா கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா அண்ணா?"

"இல்லைங்க. நாங்க வரும்போதே முடிஞ்சுபோச்சு."

அவர் அழுதார். தண்ணீர் கொண்டுவந்த என் மனைவியும் அழுதாள். நான் இலையில் இருந்த தூசியை ஊதிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் அம்மாவுக்கு போன் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"தண்டை மண்ணுக்குள்ள பொதைக்கலையே தம்பி?"

"இல்லைங்கம்மா. ஆனா ஒரு முனை அழுகிப்போச்சு. என் தப்புதான்."

"எனக்கும் மொத தடவ அழுகிடுச்சு. மிச்சம் தழைச்சுதா?"

"தழைச்சுருச்சுங்கம்மா. ரெண்டு தொட்டி இருக்குது."

"ஒண்ண நீங்களே வச்சுக்குங்க. நீங்க நல்லா இருக்கீங்களா?"

அந்த வேலையில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "இருக்கேங்கம்மா" என்றேன். போனை மகளிடம் கொடுத்துவிட்டு, பெரிய தொட்டியை அவர் காரில் சாயாமல் வைக்க அட்டைப்பெட்டி தேடப் போனேன். இரண்டு மணிக்கு எனக்கு டியூட்டி இருந்தது.