மகள் செய்த சாம்பல் கட்டம்

எனக்கு எழுபத்து மூன்று வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். கடைக்குட்டி மகள் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதுகிறாள். என் ஓரகத்தி மகனும் அதே வேலைதான் செய்கிறான். அதுதான் எனக்கு ஆகவில்லை.

கள்ளக்குறிச்சியில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் புளி மண்டி வைத்திருக்கிறார். கல்வராயன் மலையிலிருந்து வரும் புளிக்கு எடை பார்த்து ரசீது போட ஒரு புரோகிராம் கேட்டார். இரண்டு பேருமே செய்து கொடுத்தார்கள். ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றைத்தான் வைத்துக்கொள்வேன் என்றார்.

அவன் செய்தது மயில்கழுத்து நிறத்தில் மின்னியது. என் மகளுடையது வெறும் சாம்பல் கட்டம். மண்டியில் வைத்தே ஓரகத்தி கேட்டாள்: "இன்னாக்கா, சுண்ணாம்புகூட அடிக்காம வூடு குடி பூந்துட்டாளா உம் பொண்ணு?"

வீட்டுக்கு வந்ததும் மகளைப் பிடித்துக்கொண்டேன்.

"நீயும் கொஞ்சம் கலர் போட்டா இன்னாடி?"

"அவன் பொத்தானெல்லாம் அவனே வரஞ்சிக்கினான்ம்மா. நான் கம்ப்யூட்டர்ல இருக்கற பொத்தானையே கேட்டு வாங்கி வெச்சிருக்கேன்."

"எரவலா? மெதுவா பேசு. அவ காதுல வுழுந்தா என் மானமே பூடும்."

மண்டிக்காரருக்குக் கண்ணில் புரை. மாசியில் புளி வரத்து தொடங்கியதும் கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டார். என் மகளுடையதில் எழுத்து, பொத்தான், கட்டம் எல்லாம் கூடவே பெருத்தன. கம்ப்யூட்டருடைய பொத்தான் கம்ப்யூட்டர் சொன்னதைக் கேட்டது. மயில்கழுத்தில் எழுத்து எறும்பாகவே கிடந்தது. மண்டிக்காரர் என் மகளுடையதையே வைத்துக்கொண்டார்.

அதைப் பார்க்கவே ஓரகத்தியையும் கூட்டிக்கொண்டு மண்டிக்குப் போனேன். கரியாலூரிலிருந்து மூட்டை கொண்டுவந்த ஒருவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னாங்க, அந்த மயிலுக்கலரு எங்க? யாரு செஞ்சதோ, சூப்பரா இருந்துச்சு. இது கம்ப்யூட்டரோடவே வந்ததுதானே?"

ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜெயித்தும் என்ன பயன்? அந்த ஒரு 'சூப்பர்' அவள் வீட்டுக்குப் போய்விட்டது. மகளிடம் சொன்னால், "கம்ப்யூட்டரோடவே வந்ததுன்னு தோணுனாதாம்மா நான் ஒழுங்கா செஞ்சிருக்கேன்னு அர்த்தம்" என்கிறாள். எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுத்துக்கூட்டி இதை எழுதினேன்.

பேத்தியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். "கண்ணு, சத்தமா படி. உங்கம்மா செஞ்சதுன்னு எத்தினி எடத்துல வருதுன்னு பாரு. கம்மியா இருந்தா இன்னும் ரெண்டு எடத்துல போட்டுடலாம்."