கழுத்துக்கு வலுச் சேர்க்கப் போன கதை

கழுத்துக்குப் பயிற்சி கொடுக்கிற தொழிலில் முதலில் கெட்டுப்போவது, கொடுக்கிறவருடைய பொறுமைதான்.

சண்டை நடந்த வருடங்களில் மட்டக்களப்பில் ஆஸ்பத்திரிப் பிசியோவாக இருந்தவள் நான். வீடு நாவற்குடாவில். எந்தப் பக்கம் படுத்தாலும் கழுத்து உளைகிறது என்று தலையணையை மாற்றி மாற்றிப் பார்க்கிற ஆளாக நீங்கள் இருந்தால், என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். கழுத்துக்கான கருவி ஒன்றும் பெரிய விசயமில்லை. தலையைச் சுற்றிக் கட்ட ஒரு கச்சை, அதில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு பாரம். அந்தப் பாரத்தைத் தலையால் மெல்லத் தூக்கி இறக்க இறக்கத் தசை வலுக்கும். அவ்வளவுதான். அதற்காக நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

இரும்பு

கொழும்பில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய இரும்புப் பாரங்களை ஒரு பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தேன். ஊருக்குள் நுழைகிற இடத்தில் வழக்கம்போல எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். பையைத் திறந்த ஆமிக்காரன் வட்ட இரும்பு ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். ஆஸ்பத்திரிச் சாமான், கழுத்துப் பயிற்சிக்கு என்றேன். என் கழுத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு இரும்பையெல்லாம் காவலரண் மண்மூட்டைக்குப் பின்னால் போட்டுவிட்டு வெறும் பையைத் தந்தான்.

நான் விடவில்லை. நோயாளிகளுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டேன். பஸ்ஸில் இருந்தவர்கள் என் சேலையைப் பிடித்து இழுக்காத குறை. அவனுக்குச் சிரிப்பு. தெரிந்த தமிழில் சொன்னான்: "கழுத்துக்கு தங்கம் போடு மிஸ். இரும்பு எதுக்கு?"

ஆமாம் போடாத தலை

கனகரத்தினம் அரிசிக் கடைகளில் மூட்டை சுமக்கிறவர்; நாட்டாமை என்போம் எங்கள் பக்கத்தில். ஊர் மண்டூர். சோதனைச் சாவடி ஒன்றில் துவக்குப் பிடியால் பிடரியில் அடி வாங்கி, படுக்கையிலிருந்து தலையை இரண்டு கையாலும் தூக்கி எடுத்துக்கொண்டு எழும்புகிற நிலையில் வந்தார். கழுத்து வலுக்காவிட்டால் மூட்டை இல்லை, மூட்டை இல்லாவிட்டால் வீட்டில் உலை இல்லை. தலையைப் பின்னால் சாய்க்கச் சொன்னேன், செய்தார். பக்கவாட்டில் சாய்க்கச் சொன்னேன், செய்தார். முன்னால் குனிந்து நிமிரச் சொன்னால் மட்டும் கல்லுப் போல இருந்தார்.

பயிற்சி அறையில் சனம் காத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்து சத்தம் போட்டேன். அவர் பக்கத்தில் இருந்தவர்களைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். முந்தியொருமுறை ஆமி சுற்றிவளைத்து ஊரைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக விட்டிருக்கிறார்கள். முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன் ஜீப்பில் இருந்திருக்கிறான். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டினானோ அவரை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். தலையாட்டி என்று எங்கள் பக்கத்தில் அவர்களுக்குப் பெயர். கனகரத்தினத்தின் தம்பி அப்படிப் போனவன். "சனத்துக்கு முன்னால தலையாட்டச் சொல்லாதீங்க மிஸ். சாகச் சொல்லுங்க, சாகிறன்."

தையல்

வீட்டில் வைத்துச் செய்யட்டும், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று முடிவு செய்தேன். அதற்குக் கச்சையும் பாரமும் வேண்டும். பாரத்துக்கு மண். ஊரில் சந்திக்குச் சந்தி மண்மூட்டை அடுக்கிக் காவலரண் கட்டியிருந்தார்கள். ஒரு கழுத்துக்குப் போட ஒரு சின்ன மூட்டை கிடைக்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் திரைச்சேலை தைத்துக் கொடுக்கிற காத்தான்குடி முஸ்லிம் தையல்காரர் ஒருவரை, நானா என்று நாங்கள் கூப்பிடுகிறவரை, பிடித்தேன். காத்தான்குடிக்கும் எங்களுக்கும் நடுவே ரோட்டில் போய்வரவே இரண்டு பக்கமும் பயந்த காலம் அது. பக்கத்துப் பக்கத்து ஊர்ச் சனத்தை இப்படி ஆக்கி வைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் வாயில் நல்ல வார்த்தை வராது. அப்படியிருந்தும் அவர் வந்தார், கனகரத்தினத்தின் தலையை அளந்தார், தைத்துக் கொடுத்தார்.

சணல் சாக்குத் துணியில் கச்சை, அதே துணியில் மண் நிரப்பிய ஒரு சின்ன மூட்டை. தோல் உரசக் கூடாது என்று உள்ளே மெல்லிய துணி வைத்து, கன்னம் வரைக்கும் அகலமாக இறக்கி, தாடைக்குக் கீழே நாடா வைத்திருந்தார். கட்டினால் கண்ணும் மூக்கும் மட்டும்தான் வெளியே தெரியும். வேலை அவ்வளவு சுத்தம். கூலி தர நீட்டினேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மூட்டை தூக்குற மனிசன்ட கழுத்துக்குக் காசி எடுத்தா எனக்கு அல்லா தரமாட்டான் மிஸ்."

துறையடி

மண்டூருக்கு வாவியைக் கடந்து போக வேண்டும். இந்தக் கரை ஆமி, அந்தக் கரை ஆமியோடு சண்டை பிடிக்கிற இயக்கம். களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்துத் துறையில் தோணிக்கு வரிசையில் நின்ற கனகரத்தினத்தின் பையைத் திறந்திருக்கிறான் ஆமிக்காரன் ஒருவன். என்ன இது? கழுத்துக்கு. போட்டுக் காட்டு. போட்டார். என்ன செய்வது? செய்து காட்டு. துவக்கு முனை நெஞ்சில் தொட்டுக்கொண்டு நின்றது. எனக்கு முன்னால் செய்ய மாட்டேன் என்ற மனிதர் அங்கே தலை குனிந்து நிமிர்ந்தார். இன்னும் இன்னும் என்றிருக்கிறான் அவன். சாக்குத் துணிக்குள் இரண்டு கண், பக்கத்தில் ஆமிக்காரன், முன்னால் ஊர்ச் சனம். ஒரு தாய் தன் மகனை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாளாம். மற்றவர்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்களாம்.

கச்சையைக் கழற்றிவிட்டுத் தோணிக்கு ஓடியிருக்கிறார். சின்ன வயதிலிருந்து அவரை ஏற்றிப் போகிற தோணிக்காரர் முகத்தைப் பார்க்காமல் சொன்னது இதுதான்: "கனகு, நீ மறுகா வாற தோணியில வா."

அந்தக் கரை

மறுநாள் அவருடைய பெண்சாதி தவமணி ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். கனகரத்தினத்தை இயக்கம் விசாரணைக்குக் கொண்டுபோய்விட்டது. தலையாட்டிக்கு அந்தக் கரையில் என்ன தண்டனை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேலையைப் போட்டுவிட்டு அவளுடன் தோணி ஏறினேன். அந்தத் தோணியில் நான் இரண்டு கரையையும் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

பொறுப்பாளர் என்று ஒருவன் இருந்தான், என் கடைசித் தம்பி வயது. கச்சை, மண்மூட்டையோடு மேசையில் கிடந்தது. விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இல்லை. எடுத்து என் தலையில் கட்டினேன். கயிற்றில் மண்மூட்டையைக் கொழுவி, வாசலில் கூடி நின்ற சனத்துக்கு முன்னால், சேலையோடு வாங்குப் பலகையில் குனிந்து, தலையால் தூக்கி இறக்கினேன். மூச்சு வாங்கியது. அவமானத்தில் கண் எரிந்தது. "இந்தக் கழுத்தை ஆமி உடைச்சது. நான் படாத பாடுபட்டுக் கட்டுறன். திரும்ப உடைக்கிறதுக்கா நீங்க இரிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

நான் கழற்றிய கச்சையை வாங்கி, கயிற்றை இழுத்துப் பார்த்து, திருப்பித் தந்தான். பிறகு கனகரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னான். நாங்கள் வாசலைத் தாண்டும்போது பின்னால் வந்து, துவக்கு வாரைத் தோளில் தள்ளிவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னான்: "அக்கா, எனக்கும் கன நாளா இந்தக் கழுத்து உளையுது."

உள்ளங்கை

தவமணி கச்சையை வெட்டி அடுப்படியில் சட்டி இறக்குகிற துணியாக்கிவிட்டாள். மண்ணை முற்றத்தில் கொட்டினாள். கருவி இல்லாமல் செய்கிற வழியை அவளுக்குக் காட்டிக் கொடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, அவருடைய நெற்றியில் அவள் உள்ளங்கையை வைத்து அழுத்த, அவர் அதை எதிர்த்துத் தள்ள வேண்டும். தள்ளித் தள்ளிக் கழுத்து வலுத்தது. திரும்பவும் மூட்டைக்குப் போனார். எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

பிறகொரு நாள் சந்தையில் கண்டேன். தோளில் சுமை இல்லை, ஆனால் தலை நெஞ்சில் கிடந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிடித்து நிறுத்திக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். தசை இரும்பு மாதிரி இருந்தது. அப்படியானால் ஏன் இப்படி நடக்கிறீர்கள் என்று கேட்டேன். நிமிராமலே பதில் சொன்னார்: "கழுத்து சுகம் மிஸ். நான் நிமிர்ந்து பாத்தா சனம் குனியுது."

கழுத்தை நிமிர்த்துகிற சாமானைத்தான் எல்லாச் சாவடியிலும் மறித்தார்களே தவிர, குனிய வைக்கிற சாமானெல்லாம் இரண்டு கரைக்கும் தடையில்லாமல் வந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தது.