அரைக் குளிசையும் அயல்நாட்டுச் சட்டங்களும்

படுக்கையில் கிடக்கிறவரைப் பார்க்கிற வேலையில் மூத்திரப் போத்தல் தூக்குவது லேசு. சொந்தக்காரரின் யோசனைகளைத் தூக்குவதுதான் பாரம். இந்த வேலை செய்கிற உங்களுக்கு இது தெரியும்தானே?

சில நாடுகளில் சட்டப்படியே கேட்டுச் சாகலாம் என்று எனக்கு முதன்முதல் சொன்னவ வசந்தி. போன மாரியில், தகப்பன் கணபதிப்பிள்ளை ஐயாவைப் பார்க்க சுவிசிலிருந்து உயிலங்குளம் வந்தபோது சொன்னவ. ஐயா வயல்காரர். முள்ளந்தண்டில் புற்று இறங்கி, கையும் காலும் விழுந்துபோச்சு. "முருகா, என்னைக் கூப்பிடு" என்று அவர் கேட்பார். நான் பிள்ளையாரிடம் அவருக்குச் சுகம் கேட்பேன். அண்ணனும் தம்பியும் மேலே என்ன பேசி முடித்தார்களோ தெரியாது.

சுவிஸ் கோப்பை

"அங்க சட்டம் விடும் அக்கா," என்று வசந்தி மெல்லமாக விளங்கப்படுத்தினா. "ஆனால் மருந்தை வேற ஆக்கள் பருக்கேலாது. சாகிறவர் தானாத்தான் எடுத்துக் குடிக்கோணும்."

ஐயாவுக்குக் கை போனாலும் காது போகவில்லை. "கோப்பை தூக்க ஏலுமெண்டால் நான் ஏன் பிள்ளை சாகிறன்? ஒரு பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு இருப்பனே!"

ஹொலண்ட் ஊசி

மகன் ரவி ஹொலண்டிலிருந்து வீடியோவில் வந்தார். அங்கே டொக்டரே ஊசி போடலாமாம். ஆனால் நோயில் கிடக்கிற வருத்தக்காரர் தானே கேட்கவேணும், இன்னொரு டொக்டரும் வந்து பார்த்து எழுதவேணும். கனடாவிலும் கிட்டத்தட்ட அப்படித்தானாம்.

"பாவமில்லையோ தம்பி?" என்றேன்.

"துடிக்க விடுறது புண்ணியமோ அக்கா?" என்றார்.

தலைகாணியைத் தட்டிப் போட்டேன். ஐயாதான் கதையை முடித்தார்: "இஞ்ச ஒரு டொக்டரைக் காணவே விடியக் காலமை நம்பர் எடுக்கோணும். ரெண்டாவது ஆள் வாறதுக்குள்ள நான் சும்மாவே போயிடுவன்."

பால்

தை மாதம் ஒருநாள் ஐயாவுக்கு மூச்சு இழுத்தது. பெரியமடுவில் இருந்தெல்லாம் சனம் வந்து பால் பருக்க நின்றது. போகிற உயிருக்கு ஆளுக்கொரு கரண்டி, எங்கட வழக்கம். விழுங்க ஏலாதவருக்குப் புரைக்கேறினால் அதோடு சரி. "பஞ்சில தொட்டு உதட்டை நனைச்சால் காணும்," என்று நான் கத்த, புண்ணியத்தைத் தடுக்கிறேனாம் என்று தள்ளி விட்டார்கள். இந்த முறைக்கு எந்த நாட்டிலும் இரண்டாவது டொக்டர் தேவையில்லை.

ஐந்தாவது கரண்டியில் ஐயா இருமிக் கண்ணைத் திறந்தார். "நான் கேட்கேக்க ஒருத்தரும் தரேல்லை. இப்ப வரிசையில நிக்கிறியள்!"

அலுமாரித் திறப்பு

மறுநாள் ஐயா அழுதார். நோவுக்கு விழுங்க டொக்டர் எழுதின குளிசை இருந்த அலுமாரியைப் பூட்டி, திறப்பை நான்தான் இடுப்பில் செருகியிருந்தேன். "முழுக்க எடுத்துத் தா பிள்ளை. இது பகிடியில்லை." தேவாரம் பாடினேன், அவர் நிப்பாட்டச் சொன்னார்.

ஊர் அலுவலர் விதானையாரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். எங்கட நாட்டில் அது குற்றம், கொடுத்த ஆளுக்கு மறியற்சாலை என்றார். அப்ப ஐயாவுக்கு என்ன தண்டனை என்று கேட்டேன்.

"அவர்தான் தப்பிடுவாரே!"

துண்டில் எழுதினது

வீட்டுக்கு வாற தாதிப் பிள்ளையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவ குளிசைப் பெட்டியைத் திறந்து, டொக்டர் மருந்து எழுதின துண்டையும் பார்த்து, "ஏன் இவ்வளவு மிச்சம்?" என்றா. பழகிப்போயிடும் என்று பயந்து வசந்தி சொல்லிவிட்டுப் போனபடி, நான் அரை அரையாக உடைத்துத்தான் கொடுத்தனான். அரைக் குளிசையில் முழு நோவையும் அந்த மனிசன் தாங்கியிருக்கிறார். பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டேன், பிறகு ஐயாவிடம்.

டொக்டரைக் கேட்டு, எழுதினபடி முழுசாகக் கொடுத்தோம். ஐயா மாசியில் நித்திரையில் போனார். அதுவரை அவர் திறப்புக் கேட்கவில்லை. கேட்டது வேறு: "சாகிற அலுவலைப் பிறகு பாப்பம். இண்டைக்கு மீன் சொதியோ பிள்ளை?"

முழுக் குளிசைக்கும் அடங்காத நோவுக்கு எந்த நாட்டுச் சட்டம் சரியென்று எனக்குத் தெரியாது. நீங்கள் உலகச் சட்டமெல்லாம் கதைக்க முதல், டொக்டர் எழுதின துண்டை ஒருக்கால் வாசியுங்கோ.