ஏழு எங்க போச்சு?

மண்ணூர் ஜாஸ்மின் அக்காவுக்கு வயது முப்பத்தாறு. எங்கள் கம்பெனியில் பதினோரு வருஷமாக ஸ்க்ரூ முடுக்குகிறார். மணிக்குத் தொண்ணூறு போர்டு, போர்டுக்கு நாலு ஸ்க்ரூ. பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம். மகள் ஒன்பதாவது போனதும் தானும் ஆன்லைனில் பி.சி.ஏ. சேர்ந்துவிட்டார். வீட்டில் யாரையும் கேட்கவில்லை. பீஸ் கட்டிவிட்டுத்தான் சொன்னார்.

நான் பி.எஸ்சி. கணிதம். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். இதை நான் வெளியே சொல்லிக்கொள்வதில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் கம்பெனி பஸ் டிரைவர் வரைக்கும் தெரியும்.

அதனால்தான் அன்று மதியம் ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸில் அக்கா என் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிப் பின்னால் அனுப்பிவிட்டு உட்கார்ந்தார். வகையீட்டில், அதாவது டிஃபரன்ஷியேஷனில், ஆன்லைன் ஹோம்வொர்க். பத்துக்கு எட்டு எடுத்தால்தான் செமஸ்டர் எழுத விடுவார்கள். மூன்று முறை போடலாம். இரண்டு முறை போட்டு வந்தது நாலும் அஞ்சும். சாயங்காலம் ஆறோடு மூடிவிடும். எங்கள் கேட்டிலோ போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆக, பஸ்ஸில் இருக்கிற நாற்பது நிமிஷம்தான்.

பழைய தப்புகளைக் காட்டினார். 5x³ + 2x − 7 என்ற கணக்கில் அடுக்கை இறக்கிப் பெருக்கி, அடுக்கில் ஒன்றைக் குறைத்து, 15x² + 2 வரை சுத்தமாகப் போட்டிருந்தார். பின்னாலேயே −7-ம் நின்றது. எல்லாக் கணக்கிலும் அந்த வெறும் எண்ணை விடவே இல்லை. ஏழைத் தூக்கிடுங்கக்கா என்றேன்.

"இன்னாடா டில்லி, விளையாடுறியா? லைன்ல ஒரு ஸ்க்ரூ கம்மியானாலே சீட்டு எழுதி சூப்பர்வைசர்கிட்ட கையெழுத்து வாங்கணும். ஏழைத் தூக்கிப் போடுன்ற, சீட்டு எங்க?"

முன் சீட்டு லீலா சிரித்த சிரிப்பில் அவள் டிபன் பாக்ஸ் உருண்டு ஓடியது. எவ்வளவு மாறுகிறது என்பதுதான் கணக்கு, ஏழு எப்போதும் ஏழு, மாறாததால் அதன் பங்கு சைபர் என்று விளக்கினேன். பஸ் ஸ்ரீபெரும்புதூர் நெரிசலில் நின்றிருந்தது. அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"இந்த பஸ்ஸு மாதிரி. ஸ்பீடு சைபர், ஆனா பஸ்ஸு இங்கதான் கீது."

மூன்று வருஷ காலேஜில் யாரும் எனக்கு இப்படிச் சொல்லித்தரவில்லை. அதற்கப்புறம் விறுவிறுவென்று ஓடியது. ஐந்து வரிசை தள்ளியிருந்தவர்களெல்லாம், ஒன்று கம்மி பண்ணு, ஒன்று கம்மி பண்ணு என்று தாளம் போட்டார்கள்.

ஒன்பதாவது கேள்வி (x + 3)(x − 3). சுங்குவார்சத்திரம் தாண்டிவிட்டது. அவசரத்தில் நான் முந்திக்கொண்டேன்: இதற்கு ஒன்று, அதற்கு ஒன்று, பெருக்கினால் ஒன்று, போடுங்க. அக்கா போடவில்லை.

"ரெண்டு பார்ட்டையும் தனித்தனியா டெஸ்ட் பண்ணா போதுமாடா? மாட்டினப்புறம்தானே டெஸ்டிங்கே."

முதலில் பெருக்கினார்: x² − 9. அப்புறம் வகையீடு: 2x. பட்டதாரி சார் எந்த காலேஜ் என்று லீலா விசாரித்தாள். நான் பத்தாவது கேள்விக்குத் திரையைத் தள்ளினேன்.

பத்தாவதையும் போட்டு அனுப்பும்போது கேட் வந்துவிட்டது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. செக்யூரிட்டி வேல்ராஜ் அண்ணன் லாக்கரைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க, அக்கா போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். பின்னால் பஸ்ஸே வரிசையில் நின்றது.

எட்டு. தப்பான இரண்டில் ஒன்று நான் சொன்னது. நான் சொன்ன இன்னொன்றையும் கேட்டிருந்தால் ஏழு.

இன்னாம்மா விசேஷம் என்றார் வேல்ராஜ் அண்ணன்.

"செமஸ்டர் எழுத விடுறாங்கண்ணே."

"பொண்ணையா?"

"என்னை."

அவர் பதில் சொல்வதற்குள் போனை லாக்கருக்குள் போட்டுவிட்டு அக்கா ஓடினார். பஞ்ச் அடிக்க இரண்டு நிமிஷம்தான் இருந்தது. பதினோரு வருஷத்தில் அவர் லைனுக்கு ஓடி யாரும் பார்த்ததில்லை. நாங்களும் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினோம். எங்களால் பிடிக்க முடியவில்லை.