வேலிக்குள் வந்த வாய்க்கால்

எங்கள் வீட்டுக்கு முன்னால் ஏ-9 வீதியை அகட்டித் தார்க் காப்பெற் போட்டபோது, ஓரத்தில் அகலமாக, ஆழமில்லாமல் ஒரு வாய்க்கால் வெட்டிப் புல்லும் பதித்தார்கள். அந்த வேலைக்கு மேற்பார்வை என் வீட்டுக்காரர்தான். ஒழுங்காகச் சீமெந்தால் கட்டாமல் இதென்ன மாடு மேய்க்கிற இடமா என்று கேட்டேன்.

"லொறி சிந்திற எண்ணெய், ரயர் தேய்ஞ்ச தூள் எல்லாம் மழையோடை வரும். புல்லு அதைப் பிடிச்சு வைக்கும். மிச்சத் தண்ணி ஆறுதலா நிலத்துக்கை இறங்கும். கீழை சுண்ணாம்புக் கல்லு. நாங்கள் விடுறதைத்தான் திரும்ப அள்ளிக் குடிக்கிறம்," என்றார்.

சோற்றுக்குச் சொதியை ஊற்றிக்கொண்டே "ஓம், ஓம்" என்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சும்மா கிடக்கிற நல்ல மண்.

கொடிகாமத்தில் வேலி அடைப்பதென்றால் சும்மா வேலையில்லை. பழைய கதியாலைப் பிடுங்கிவிட்டுப் புதுத் தடியை ஒன்றிரண்டு முழம் வெளியே தள்ளி நடுகிற கைப்பழக்கம் எங்களோடு கூடப் பிறந்தது. பக்கத்துக் காணிப் பக்கம் வேலியை அரக்கினால் கோட்டில் வழக்கு, கச்சேரி அலைச்சல், செத்த வீட்டுக்கும் போக்குவரத்தில்லை. வீதிக்கோ வாயில்லை. வருடா வருடம் மாரிக்கு முன்னம் வேலி அடைத்தேன். வருடா வருடம் வேலி வீதியை நோக்கி நடந்தது. மூன்றாம் வருடம் வாய்க்கால் முழுதாக என் வளவுக்குள் வந்துவிட்டது. உடைந்த ஓடும் மண்ணும் கொட்டி நிரப்பி, கதலி வாழை வைத்தேன். வாழைகள் என்னவோ நன்றாகத்தான் குலை தள்ளின.

வீதி நெடுக எல்லை தாண்டி வேலி போட்ட மற்றவர்களுக்கு அறிவித்தல் கடிதம் நீட்டுகிற மனுசன் இவர். படலையைத் தாண்டி உள்ளே வந்தால் அதிகாரம் முடிந்துவிடும். "நீர் ஒருநாளைக்கு என்ரை வேலைக்கு உலை வைக்கப்போறீர்," என்பார். "றோட்டு என்ன உங்கடை அப்பற்றை சொத்தோ?" என்பேன். வாழைப்பழம் சாப்பிடும்போது மட்டும் அவருக்குச் சட்டம் மறந்துவிடும்.

வீதியிலிருந்து எங்கள் வளவோரமாக உள்ளே போகிற ஒழுங்கையில் மற்றக் கிணறுகள் எல்லாம் உவர். நல்ல தண்ணீர் எங்கள் கிணற்றில் மட்டும்தான். விடிந்தால் குடங்களோடு வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சமல்ல, நிறையவே பெருமை.

கார்த்திகையில் ஒருநாள் முழுக்க மழை கொட்டியது. போக இடமில்லாத வீதித் தண்ணீர், வாழைக்குள்ளால் புகுந்து, முற்றத்தைக் கடந்து, கிணற்றுக் கட்டு வெடித்திருந்த பக்கமாக உள்ளே இறங்கியது. மறுநாள் காலை வாளியைத் தூக்கினேன். மேலே ஊதாவும் பச்சையுமாக எண்ணெய் மினுங்கியது. மணம் கராச் மணம். இவர் எட்டிப் பார்த்துவிட்டு மோட்டார்ப் பம்ப் வாடகைக்கு எடுக்கப் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பிள்ளை குடத்தோடு வந்தாள். அவளுக்குக் கைக்குழந்தை, பால்மா கரைப்பது எங்கள் தண்ணீரில்தான்.

"கயிறு அறுந்துபோச்சுது," என்றேன்.

"என்னட்டைப் புதுக் கயிறு கிடக்கு அக்கா, கொண்டு வாறன்."

"வாளியும் உள்ளை விழுந்திட்டுது."

அவள் என் கையைப் பார்த்தாள். கயிறும் வாளியும் என் கையிலேயே இருந்தன. அப்போதும் என் வாய் பொய்யை விடவில்லை. கிணற்றுக்குள் பாம்பு விழுந்துவிட்டது என்று தொடங்கினேன். அவள் சிரித்துக்கொண்டே வாளியை வாங்கக் கை நீட்டினாள். அந்தக் குழந்தையின் முகம் கண்ணுக்குள் வந்தது. வாளியைக் கவிழ்த்து ஊற்றினேன்.

"பிள்ளைக்குக் குடுத்திடாதை. றோட்டுத் தண்ணி உள்ளை போயிட்டுது. நான் வேலியை அரக்கினதாலை வந்தது."

"நீங்கள் அரக்கினது ஒழுங்கைக்கே தெரியும், அக்கா."

"தெரிஞ்சும் ஏன் ஒருத்தரும் கதைக்கேல்லை?"

"உங்கடை கிணத்திலை அள்ளிக்கொண்டு உங்களோடை எப்பிடிச் சண்டை பிடிக்கிறது?" என்று சொல்லிவிட்டு வெறுங்குடத்தோடு போனாள். அத்தனை வருடம் என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தது அவர்களுடைய தாகம். எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றே கதியால்களைப் பிடுங்கினேன். குலை தள்ளிய வாழைகளையும் நானே வெட்டினேன். இவர் அளவுநாடா பிடித்துப் பழைய எல்லையைக் காட்ட, ஒழுங்கைக்காரர் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் திரும்ப வெட்டினார்கள். ஒருவரும் என்னைக் குத்திக் கதைக்கவில்லை. கிணற்றைப் பலமுறை இறைத்தோம். தண்ணீரைப் பரிசோதித்தவர்கள், உடுப்புத் தோய்க்கலாம், குடிக்க இப்போது வேண்டாம் என்றார்கள்.

பிரதேச சபையிலிருந்து பவுசர் லொறியில் தண்ணீர் வரத்தொடங்கியது. முதல்நாள் நானும் குடத்தை எடுத்துக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் நின்றேன். வெயில் சுள்ளென்று அடித்தது. எதிர்வீட்டுப் பிள்ளை குழந்தையை இடுப்பில் வைத்தபடி முன்னால் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, இஞ்சை முன்னுக்கு வாங்கோ," என்று கூப்பிட்டாள். "தண்ணிக்கு நிண்டு உங்களுக்குப் பழக்கமில்லை."