ஆறு மணிக்குள் காரைக்கால்

பங்குனி மாதத்து ஞாயிறு. காலை ஐந்து மணிக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலையில், பழைய கலங்கரை விளக்கத்தின் எதிரிலிருந்து பதினோரு சைக்கிள்களும் பின்னால் ஒரு வேனுமாகப் புறப்பட்டோம். காரைக்கால் நூற்று முப்பது கிலோமீட்டர். குழுவை நடத்தும் சரவணன் முத்தியால்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். "போட்டி கெடையாது. முடியலன்னா வேன்ல ஏறிக்கலாம், அதுல ஒண்ணும் வெக்கமில்ல" என்று சொல்லிவிட்டு விசிலடித்தான்.

எனக்கு வயது நாற்பத்தைந்து. அதுவரை நான் ஓட்டியதில் பெரிய தூரம் கடலூர் போய்த் திரும்பியதுதான். மற்றவர்கள் காரைக்காலைத் தொட வந்தார்கள். நான் தர்ஷினியைப் பார்க்க வந்தேன். என் ஒரே மகள். அங்கே நர்சிங் முதலாம் ஆண்டு படிக்கிறாள். பொங்கல் விடுமுறைக்கு வந்து போனதுதான். அவள் படிக்கப் போன பிறகு மாலையில் வீட்டுக்குள் உட்காரப் பிடிக்காமல்தான் சைக்கிளே ஓட்டத் தொடங்கினேன். அவளுடைய விடுதியில் ஞாயிறு மட்டும் வெளியே விடுவார்கள். மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

முதலியார்பேட்டையைத் தாண்டும்போது இருட்டு. அரியாங்குப்பத்தில் டீக்கடைகள் திறந்திருந்தன. தென்பெண்ணைப் பாலத்தின் மேல் விடிந்தது. கடலூரில் ஆளுக்கு நான்கு இட்லி. ஒன்பதரைக்குச் சிதம்பரம். அதுவரை எனக்கே என்மேல் ஆச்சரியமாக இருந்தது.

கொள்ளிடம் பாலத்தில் தெற்கிலிருந்து காற்று எழுந்து நேராக முகத்தில் அறைந்தது. சைக்கிள் நகர மறுத்தது. கீழே ஆற்றில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். எட்டுப் பேர் முன்னால் போய்ப் புள்ளியாகிவிட்டார்கள். சரவணனும் ரஹீம் பாயும் மட்டும் எனக்காக வேகத்தைக் குறைத்தார்கள். பாய்க்கு அறுபதை ஒட்டிய வயது. பெரிய கடைத்தெருவில் துணிக்கடை. எந்தப் பயணத்திலும் வேனில் ஏறியதே இல்லை என்பது அவருடைய ஒரே பெருமை.

சீர்காழியைத் தாண்டியதும் வலது தொடை சுருட்டிப் பிடித்தது. கத்திக்கொண்டே சாலையோரப் புளியமரத்தடியில் சரிந்தேன். சரவணன் காலை நீட்டி அழுத்தினான். ஐம்பது ரூபாய்க்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார் பாய். மணி பன்னிரண்டரை. வேன் பக்கத்தில் வந்து நின்றது.

"அக்கா, போதும். ஏறுங்க. ஒரு மணி நேரத்துல பொண்ணப் பாத்துடலாம்" என்றான் சரவணன்.

கணக்கு எனக்கும் தெரிந்தது. வேனில் போனால் மாலைவரை அவளோடு இருக்கலாம். இந்தக் காற்றில் ஓட்டினால், கதவு சாத்தும் நேரத்தில் முகத்தை மட்டும் பார்க்கலாம். ஏறிவிடுகிறேன் என்று சொல்லத்தான் அவளுக்குப் போன் போட்டேன்.

"எங்கம்மா இருக்க?"

"சீர்காழி தாண்டி. காலு புடிச்சிக்கிச்சு. வேன்ல வந்துடறேன்டி."

"ரொம்ப வலிக்குதா?"

"இப்ப பரவால்ல."

"அப்ப ஏறாதம்மா. நீ சைக்கிள்லயே வரேன்னு ஹாஸ்டல்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். நீ மெதுவா ஓட்டு. நான் பஸ் புடிச்சி தரங்கம்பாடிக்கு வந்துடறேன். அங்க ரோட்டுலயே நிக்கறேன்."

எழுந்தேன். காற்றை உடைக்கச் சரவணன் முன்னால் போனான். பாய் என் பக்கத்திலேயே வந்தார். அதற்குப் பிறகு ஊர்ப் பெயர்ப் பலகைகளைத் தவிர எதுவும் மனதில் நிற்கவில்லை. திருவெண்காடு பிரிவு. ஆக்கூர். திருக்கடையூர். தொடை மறுபடி இழுத்தது. இறங்கி நொண்டினேன், ஏறினேன். உள்ளங்கைகள் மரத்துப்போயின. ஓரிடத்தில் அழுதேன். வியர்வை என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

தரங்கம்பாடி நுழைவு வளைவுக்கு எதிரே, ஜூஸ் கடை நிழலில் நின்றிருந்தாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. முடியைத் தோள்வரை வெட்டியிருந்தாள்.

"எப்ப வெட்டின?"

"போன வாரம்மா. தலைக்குக் குளிச்சா காயவே மாட்டேங்குது."

ஒரு வாரமாக அந்த முடியோடு அவள் எங்கெங்கோ நடந்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. என் கன்னத்து உப்பைத் துடைத்துவிட்டு, மண்டியிட்டு என் தொடையை அழுத்திப் பார்த்தாள். படிப்பு கையில் வந்திருந்தது.

நாலு மணி. இன்னும் பதினான்கு கிலோமீட்டர். "நான் பஸ்ல பின்னாடியே வரேன்" என்றாள். அப்போது ரஹீம் பாய் ஹெல்மெட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"இந்தாம்மா, என் சைக்கிள எடுத்துக்க. நான் வேன்ல வரேன்."

"பாய், நீங்க வேன்ல ஏறுனதே இல்லயே" என்றேன்.

"காரைக்கால்ல எனக்காக யாரு காத்துக்கிட்டிருக்கா? போங்க, நேரமாவுது."

மறுப்பதற்குள் வேனின் முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தப் பதினான்கு கிலோமீட்டரும் தர்ஷினி எனக்கு முன்னால் போனாள். காற்றை அவள் வாங்கிக்கொண்டாள். வேகம் கூடும்போதெல்லாம் திரும்பிப் பார்த்துக் குறைத்தாள். நண்டலாறு தாண்டிப் புதுச்சேரி மாநில எல்லைப் பலகை வந்ததும் கையைத் தூக்கிக் கத்தினாள். நானும் கத்தினேன். அந்தச் சாலை இன்னும் கொஞ்சம் நீளக் கூடாதா என்று தோன்றியது. கால் வேண்டாம் என்றது, எனக்கு வேண்டியிருந்தது.

ஐந்தேகாலுக்கு விடுதி வாசல். பக்கத்துக் கடையில் டீ குடித்தோம். மெஸ் சாப்பாடு, உடற்கூறியல் தேர்வு, அறைத்தோழியின் குறட்டை என்று அவசர அவசரமாகப் பேசினாள். காவலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "போறேம்மா" என்றாள். "போயிட்டு வரேன்னு சொல்லு" என்றேன். சிரித்தபடி சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை சைக்கிள்கள் வேனில் வந்தன; நான் பஸ்ஸில் திரும்பினேன். முதல் நாள் முழுக்க உயிரைக் கொடுத்துக் கடந்த சாலை நான்கு மணி நேரத்தில் பின்னால் ஓடி மறைந்தது. காரைக்காலும் புதுச்சேரிதான் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். ஒரே அரசு, ஒரே நம்பர் பிளேட்டு. நடுவில் மட்டும் வேறு மாநிலம். வீடு அப்படி இரண்டாகப் பிரிந்து கிடப்பது எப்படி இருக்கும் என்பதை இப்போது என் கால்கள் அறியும். புதுச்சேரி பஸ் நிலையத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கும்போது போன் அடித்தது.

"வந்துட்டியாம்மா?"

"வந்துட்டேன்" என்று சொன்னேன்.