மஞ்சள் விளிம்பு

அந்துப்பூச்சி பார்ப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு. பாடாலூரில் என் சைக்கிள் கடைக்கு யார் பூச்சி கொண்டுவந்தாலும் லென்ஸ் வைத்துப் பார்த்துப் பேர் சொல்லிவிடுவேன்.

கோடை மழை விட்ட மறுநாள், அடுத்த தெரு செல்வியக்கா தீப்பெட்டியில் ஒன்றைக் கொண்டுவந்தார். "கடலையத் திங்கிற கம்பளிப்புழுவோட தாயா தம்பி இது? ஆமான்னா சாயந்தரமே வரப்புல தீ மூட்டணும். அத்தனையும் வெளிச்சத்துக்கு வந்து விழுந்துடும்."

வெள்ளை இறக்கை, ஓரத்தில் மஞ்சள் விளிம்பு. நான் படித்திருந்ததோ சிவப்பு விளிம்பு. "இது வேற வகைக்கா, விறகை மிச்சம் பண்ணுங்க" என்றேன்.

மூன்று வாரத்தில் அவர் கடலைக்காடு வெறும் குச்சியாக நின்றது. அப்புறம்தான் தேடிப் படித்தேன். மஞ்சள் விளிம்பும் சிவப்பு விளிம்பும் ஒரே பேரினம். இரண்டின் புழுவும் கடலைக்கு எமன்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். மிச்சப் புழு தாண்டாமலிருக்க அக்கா வரப்போரம் பள்ளம் பறித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் காட்டுக்காரர் கத்திக்கொண்டிருந்தார்: "ஊரே தீ மூட்டுச்சு, நீ மட்டும் காலை நீட்டிப் படுத்திருந்தியாக்கும்? இப்ப உன் புழு என் காட்டுக்குல்ல வருது!"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு, "நான்தாண்ணே அசந்துட்டேன்" என்றார்.

'நான்தான் வேண்டாமுன்னேன்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'தப்பை ஒத்துக்கிட்டவன் தலை குனிய வேண்டாம்' என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பேசுகிறவன், மண்வெட்டியை வாங்கி, குனிந்த தலை நிமிராமல் பள்ளம் பறித்தேன்.

அந்த அண்ணன் இன்றும் அக்காவைச் சோம்பேறி என்றுதான் சொல்கிறார். நானும் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். இதைப் படித்தாவது, திட்டவேண்டிய ஆளை அவர் திட்டட்டும்.